ஆட்டில் யாரும் கேட்காத பாகம்

துளசிங்கம் ஆட்டுத் தலையைப் பிளக்கும்போது கண் சிமிட்ட மாட்டான். தோலுரித்த தலையைப் புளியமரக் கட்டையின் நடுவே, வெட்டி வெட்டிக் குழிந்துபோன பள்ளத்தில், மூக்கு தன்னைப் பார்க்கும்படி உட்கார்த்துவான். காய்ச்சல் பார்க்கிறவன் மாதிரி இடது உள்ளங்கையால் அதன் நெற்றியை ஒருமுறை துடைப்பான். அப்புறம் ஒரே போடு. புத்தகம் விரிகிறாற்போல தலை இரண்டாக விரியும். கத்தி முனையை மூளைக்கு அடியில் விட்டு, உடையாமல் தூக்கி, மந்தார இலையில் இறக்குவான். எப்போதாவது சில தலைகளில் மூளையோடு இன்னொன்றும் கிடக்கும். எலுமிச்சங்காய் அளவில் ஒரு நீர்ப்பை. கண்ணாடி போலச் சவ்வு, உள்ளே தெளிந்த தண்ணீர், சவ்வின் மேல் ஜவ்வரிசி ஒட்டினாற்போல வெள்ளைப் பொட்டுகள். வாங்க வந்தவர் பார்த்தால் முகம் சுளிப்பார். அவர் பார்ப்பதற்குள் அதைக் கத்தி முனையால் நெம்பி, திரும்பிப் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் சுண்டிவிடுவான். பின்வாசலில் ஜாக்கி இருக்கும். வெள்ளை மூக்கும் கிழிந்த காதும் உள்ள தெருநாய். அது அந்தப் பையைத் தரையில் விழ விட்டதே கிடையாது. சளப்பென்று ஒரு சத்தம் வரும். துளசிங்கம் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டு, "அடுத்து யாருங்க?" என்பான்.

திருத்தணி ஊர் முடிந்து, கனகம்மாசத்திரம் போகிற சாலை வயல்களுக்குள் இறங்குகிற இடத்தில் அவன் கறிக்கடை. கடையின் முன்வாசலில் நின்றால் மலையும் கோபுரமும் தெரியும். பின்வாசலில் நின்றால் ஒரு காலி மனையும், அதற்கப்பால் சிவப்பிரகாசத்தின் ஓட்டுவீடும் தெரியும். கிருத்திகைக்குக் கிருத்திகை கடைக்கு லீவு. மலைக்குப் போகிற காவடிகளின் கால்களில் ரத்தம் படக்கூடாது என்று முந்தின நாளே வாசல் வரைக்கும் கழுவிவிடுவான். மற்ற நாளெல்லாம் அவனுடைய காலை ரத்தத்தில்தான் விடியும். ஆட்டைச் சாய்த்து, முழங்காலால் விலாவை அமுக்கி, கழுத்தை வளைத்து அறுப்பான். மூச்சு அறுந்த குழாய் வழியாகப் புஸ்ஸென்று வரும். கால்கள் எங்கோ ஓடுகிற மாதிரி உதைத்துக்கொண்டே இருக்கும். கடைசி உதை அடங்குகிறவரை அவன் கையை எடுக்க மாட்டான். அந்த உதை அவனுடைய தொடையில் எப்போதும் ஒரு நீலக் கன்றலாக இருந்துகொண்டே இருக்கும்.

கடைக்கு வருகிறவர்களில் தின்ன வருகிறவர்களும் உண்டு, படிக்க வருகிறவர்களும் உண்டு. முதலில் ஏதோ கல்லூரியிலிருந்து மாணவர்கள் அறுத்துப் பார்க்கக் கண் வேண்டும் என்று ஒரு ஆள் தூக்குச்சட்டியோடு வந்தான். அவன் போய் யாரிடம் சொன்னானோ, அப்புறம் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கிருமி வளர்க்கிற ஒருத்தர் கண்ணாடிக் குண்டு போட்ட குடுவையோடு வந்து, சூடு ஆறாத ரத்தத்தைப் பிடித்து, உறையாமல் இருக்கக் குலுக்கிக்கொண்டே பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவார். கௌதமன் என்பவர் கற்கால ஆராய்ச்சி. பூண்டிப் பக்கம் பொறுக்கின கல்லைப் போலவே தானும் கல்லை உடைத்துச் சில்லு செய்துகொண்டு வருவார். கிருத்திகையன்று கட்டை சும்மாதானே கிடக்கிறது என்று, அதில் ஒரு தொடை எலும்பை வைத்து அந்தச் சில்லால் கறியைச் சுரண்டிச் சுரண்டி, எலும்பில் விழுந்த கீறலைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்.

"சார், ஆயிரம் வருசத்துக்கு முந்தி இப்டித்தான் அறுத்தானா?"

"ஆயிரமா? லட்சக்கணக்குல சொல்லுங்க."

"அப்ப அவன் கடையில கூட்டம் நின்னிருக்காது சார். ஒரு தொடைக்கே பொழுது போயிடும்."

தீனதயாளனுக்கு வேண்டியது ஈ. கம்பிக்கூண்டில் ஈரல் துண்டை வைத்துக் காலி மனையில் விட்டுவிட்டு, எந்த ஈ முதலில் வருகிறது, எது அடுத்து வருகிறது, புழு எப்போது நெளிகிறது என்று குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். செத்த உடம்பு செத்து எவ்வளவு நேரமாயிற்று என்று அந்த ஈ சொல்லுமாம்.

"அப்ப கொலை கேசுல ஈயைச் சாட்சிக் கூண்டுல ஏத்துவாங்களா?" என்று துளசிங்கம் கேட்டால், தீனதயாளன் சிரிக்காமல், "ஏத்தலாம்ணா" என்பான்.

இவர்களில் அடிக்கடி வருகிறவள் கவிப்பிரியா. கால்நடைப் படிப்பு முடித்துப் புழு ஆராய்ச்சி செய்கிற பெண். குடலும் ஈரலும் மட்டும் கேட்பாள். குடலைக் கத்தரித்து, தண்ணீரில் அலசி, வடிகட்டியில் நூல் நூலாகத் தங்குகிற புழுக்களை இடுக்கியால் எடுத்துப் புட்டியில் போடுவாள். கண், ரத்தம், எலும்பு, ஈரல், குடல் என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். மூளையை யாரும் கேட்டதில்லை.

"ஒரு ஆட்ட ஊரே பங்கு போட்டுப் படிக்குது. முழு ஆட்டப் படிச்சவன் ஒர்த்தன்கூட இல்ல போல," என்பாள் அவன் பெண்டாட்டி விஜி. அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். அதனால் மெல்லப் பேசத் தெரியாது. அவள் கேலி செய்தாலும் சாலைக்கு அந்தப்பக்கம் டீக்கடையில் சிரிப்பார்கள்.

கடைக்குப் பின்னால் இருந்த ஊரில் ஆடி மாதம் கங்கையம்மன் ஜாத்திரை நடக்கும். அம்மனுக்குக் கெடா வெட்டுவது துளசிங்கம்தான். ஜாத்திரையில் முதல் கெடா யாருடையது என்பதில் இரண்டு பங்காளி வீட்டுக்கும் ஆகாது. ஒரு பக்கம் சிவப்பிரகாசம். இன்னொரு பக்கம் வேதாசலமும் அவர் மகன் ஹரிஹரனும். இரண்டு வீட்டுக்கும் நிலம் ஒரே வரப்பில்தான் இருந்தது. பேச்சு மட்டும் கிடையாது. போன வருடம் பந்தல் கால்களைப் பிடுங்கி அடித்துக்கொண்டதில் ஒருவருக்குப் பல் போயிற்று, இன்னொருவருக்கு விலா உடைந்தது. இந்த வருடம் ஊர்க்கூட்டம் ஒரு வழி சொன்னது. இரண்டு கெடாவையும் அம்மன் முன்னால் சேர்த்து நிறுத்துவது. மஞ்சள் தண்ணீரை இரண்டின் மேலும் ஒன்றாக ஊற்றுவது. எது முதலில் தலையை உதறுகிறதோ அதற்கு அம்மன் உத்தரவு. அதுதான் முதல் கெடா. எது முதலில் உதறியது என்று சொல்ல வேண்டியவன் கத்தி பிடிக்கிறவன்.

சிவப்பிரகாசம் வீட்டுக் கெடா கறுப்பு. நெற்றியில் மட்டும் வெள்ளை. குட்டியிலிருந்து காலி மனையில் முளைக்குச்சியில் கட்டி வளர்த்தது. கொஞ்ச நாளாக அது மேய்கிறதை விட்டுவிட்டு முளைக்குச்சியைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. கயிறு முழுக்கச் சுற்றி, மூக்கு குச்சியில் முட்டுகிற வரைக்கும் சுற்றும். அவிழ்த்து விட்டால் மறுபடியும் சுற்றும். சிவப்பிரகாசத்தின் மனைவி எல்லம்மாள்தான் அதை முதலில் கவனித்தாள். அது எப்போதும் வலமாகவே சுற்றியது.

"பாத்தியா துளசி, பிரதட்சணம் பண்ணுது. அம்மன் இத்தக் கேட்டுட்டா," என்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அதற்கு மஞ்சள் பூசி, காலையில் சூடம் காட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். துளசிங்கமும் பார்த்தான். அவனிடம் வருகிற ஆடுகள் வந்த அன்றே போய்விடுகிறவை. சுற்றுகிற ஆட்டை அவன் வைத்திருந்து பார்த்தது கிடையாது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் கேட்கிற மாதிரி அது நின்றதைப் பார்த்தபோது அவனுக்கும் முதுகு சிலிர்த்தது.

செய்தி வேதாசலத்தின் காதுக்குப் போயிற்று. அவர் கறி வாங்குகிற மாதிரி கடைக்கு வந்தார்.

"துளசி, இந்த வருசம் உன் வாய்தான் தீர்ப்பு."

"என் வாய் இன்னாங்க? அம்மன் சொல்றத நான் சொல்லப்போறேன்."

"அம்மன் சொல்லட்டும். உன் மச்சான் காதுகிட்ட நிக்காம பாத்துக்கோ."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். துளசிங்கமும் சிரித்தான். பின்னால் கறியைக் கழுவிக்கொண்டிருந்த விஜி சிரிக்கவில்லை. காது விஷயம் கெடா வெட்டுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரோ, ஒரு சிட்டிகை மிளகாய்த் தூளோ போனால் ஆடு உதறாமல் இருக்காது. போன பொங்கலுக்கு விருந்தாளிகள் முன்னால் துளசிங்கமே, "காதுல ஒரு சொட்டு உட்டாப் போதும், எமனோட எருமைகூட உத்தரவு குடுக்கும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தான். அன்றைக்கு விஜியும்தான் சிரித்தாள்.

ஜாத்திரைக்குக் கெடா பிடிக்க அம்மையார்குப்பத்திலிருந்து விஜியின் தம்பி சுதாகர் வருவான். விசைத்தறி ஓட்டுகிறவன். நூல் அறுந்தால் தறியை நிறுத்தாமலே இரண்டு விரலில் முடிச்சுப் போட்டுவிடுகிற கை என்று அவனுக்குப் பெயர். வந்ததும் வராததுமாக அக்கா புருஷனைப் பார்த்து, "பாவா, உன் கத்திக்குத் தீட்டு போட்டியா? இல்ல அம்மன் நாக்குலயே தீட்டிக்கலாம்னு உட்டுட்டியா?" என்று ஆரம்பித்துவிடுவான்.

"வாய மூடிகினு கயிறப் புடிடா மச்சான்."

"ரெண்டு கெடாவும் என் கையிலயா? அப்ப நானு நடுவுல மாட்டிகினேன்னு சொல்லு."

ஜாத்திரை அன்று பம்பை மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே வெயில் கொதித்தது. அம்மன் முன்னால் சுதாகர் வலக்கையில் ஒரு கயிறும் இடக்கையில் ஒரு கயிறுமாக நின்றான். வேதாசலம் வீட்டுக் கெடா செம்பழுப்பு நிறத்தில் பெரிய வெள்ளாடு, கொம்புக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சிவப்பிரகாசம் வீட்டுக் கறுப்புக் கெடா தலையைச் சாய்த்தபடி இருந்தது. ஒரு பக்கம் ஹரிஹரனும் அவன் ஆட்களும். எதிர்ப்பக்கம் சிவப்பிரகாசத்தின் ஆட்கள். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத்தான் இடம். துளசிங்கம் நீளக் கத்தியைக் கையில் வைத்திருந்தான். மாற்றுக் கத்தி சாக்குப்பையின் மேல் கிடந்தது.

பூசாரி செம்பைத் தூக்குவதற்கு முன்பே கறுப்புக் கெடா தலையை உதறியது.

ஒருமுறை உதறிவிட்டு நிற்கிற உதறல் இல்லை அது. கழுத்திலிருந்து கால் வரைக்கும் நடுங்கி, காதுகள் படபடவென்று அடித்துக்கொள்ள, விடாமல் உதறியது. எல்லம்மாள் குலவை போட்டாள். "தண்ணி ஊத்தாமயே உத்தரவு குடுத்துட்டாடா!" என்று சிவப்பிரகாசத்தின் பக்கம் ஒரே இரைச்சல்.

"டேய், காதுல இன்னாவோ உட்டுட்டானுங்க!" என்று ஹரிஹரன் கத்தினான்.

துளசிங்கம் கையைத் தூக்கினான். "தண்ணி ஊத்தலியே. ஊத்திட்டுப் பாக்கலாம். ஊர்க்கூட்டம் சொன்னது அப்டித்தான்." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பூசாரி ஊற்றினார். பெயிண்ட் கொம்புக் கெடா கண்ணை மூடிக்கொண்டு நின்றது. மஞ்சள் தண்ணீர் அதன் தாடியில் சொட்டியது. கறுப்புக் கெடா மறுபடியும் உதறியது. உதறி, வலப்பக்கமாக ஒரு சுற்று சுற்றி, முன்னங்கால் மடங்கி அம்மனுக்கு நேராகவே விழுந்தது. சாஷ்டாங்கமாக விழுந்தது என்றுதான் அங்கே நின்றவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அதைப் பார்த்துவிட்டு வேறு எதைச் சொல்ல முடியும்? "ஆச்சு," என்றான் துளசிங்கம். சுதாகர் கெடாவைத் தூக்கி நிறுத்தினான். கத்தி இறங்கியது. தலை உருண்டு வேதாசலத்தின் செருப்பில் போய் முட்டி நின்றது. உடம்பு தலையில்லாமலே இன்னும் ஒரு முறை வலமாகத் திரும்ப முயன்றது.

அதற்கப்புறம் நடந்ததைத் துளசிங்கத்தால் வரிசையாகச் சொல்ல முடிந்ததில்லை. ஒரு பந்தல் கால் முறிந்து துணி எல்லோர் தலைமேலும் விழுந்தது. பம்பைக்காரர் பம்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினார். கல் விழுந்தது. சிவப்பிரகாசத்தின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அவர் கண் தெரியாமலே எதிரே வந்தவனின் கழுத்தைப் பிடித்து நெரித்தார். ஒருத்தன் இன்னொருத்தனைத் தரையில் போட்டு, வாயில் மண்ணை அள்ளி அடைத்தான். சூலத்தைப் பிடுங்க ஒருவன் ஓட, பூசாரி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உதை வாங்கினார். பெயிண்ட் கொம்புக் கெடா கயிற்றை அறுத்துக்கொண்டு பெண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு சாலைக்கு ஓடியது.

ஹரிஹரன் சாக்குப்பை மேலிருந்த மாற்றுக் கத்தியை எடுத்துவிட்டான்.

"கத்தி புடிச்ச கைய வெட்றேன்டா! பொய் சொன்ன வாய வெட்றேன்டா!"

துளசிங்கம் திரும்பினான். கத்தி மேலே போனதைப் பார்த்தான். அடுத்து தெரிந்தது சுதாகரின் கை. அவன் துளசிங்கத்தின் மேல் குறுக்கே விழுந்து, வலக்கையைத் தூக்கித் தடுத்திருந்தான். ஆட்டுக் காலில் எந்த மூட்டில் வைத்தால் கத்தி எலும்பைத் தொடாமல் போகும் என்று துளசிங்கத்தின் கைக்குத் தெரியும். ஹரிஹரனின் கைக்குத் தெரியாது. கத்தி மணிக்கட்டு எலும்பில் இறங்கி மாட்டிக்கொண்டது. அவன் அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான். கட்டையிலிருந்து கத்தியை எடுக்கிற அதே சத்தம் வந்தது. தன் வாழ்நாள் பூராவும் கேட்ட சத்தம்தான். அன்றைக்கு அதைக் கேட்டுத் துளசிங்கம் வாந்தியெடுத்தான்.

சுதாகர் கத்தவில்லை. தன் கை தோலில் தொங்குவதைப் பார்த்து, "பாவா, இத்தப் புடி" என்றான், ஏதோ பையைக் கொடுக்கிறவன் மாதிரி. துளசிங்கம் கறுப்புக் கெடாவின் கழுத்துக் கயிற்றை உருவி, முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். ஆட்டு ரத்தம் எது, மச்சான் ரத்தம் எது என்று கயிற்றில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடினான். பின்னால் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சென்னையில் கையைத் தைத்து ஒட்டப் பார்த்தார்கள். சில நாள் விரல்கள் சூடாக இருந்தன. பிறகு கறுத்தன. பிறகு எடுத்துவிட்டார்கள்.

"ஒரு கையில கும்புட்டா சாமி ஒத்துக்குமா பாவா?" என்று சுதாகர் கேட்டான். "அறுந்த நூலுக்கு முடி போடத்தான் ரெண்டு கையும் வேணும்," என்று அவனே சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஹரிஹரனை அன்றே போலீஸ் பிடித்துப் போயிற்று. ஆனால் ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. வெட்டினவன் தப்பு செய்தான், சரி. வெட்ட வைத்தவன் யார்? காதில் எதையோ விட்டு அம்மன் பேரில் ஏமாற்றினவன் யார்? வேதாசலம் இதைக் கத்திச் சொல்லவில்லை. டீக்கடையில் மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னது வேகமாகப் போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் விஜி அவன் முன்னால் வந்து நின்றாள். அவள் மெல்லப் பேசியதை அவன் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டான்.

"காதுல இன்னா உட்ட?"

"ஒன்னும் உடல விஜி."

"பொங்கலுக்கு நீதான சொல்லிச் சிரிச்ச?"

"அது சும்மா பேச்சு. அம்மன் மேல சத்தியம்."

"அம்மனையே ஏமாத்தினவன் அம்மன் மேல சத்தியம் பண்றியா? உனக்கு வந்த வெட்ட என் தம்பி வாங்கிகினான். நீ மட்டும் காதுல எதனா உட்டிருந்தா, அவன் கைய வெட்டினது ஹரிஹரன் இல்ல. நீ." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்லேன்னு காட்டு. காட்டிட்டு வந்து கூப்புடு. அதுவரைக்கும் அந்த வீட்ல நான் கால் வைக்க மாட்டேன்."

அம்மையார்குப்பம் போய்விட்டாள்.

எப்படிக் காட்டுவது? அன்றைக்கு ராத்திரி துணிமணி எடுக்க அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, கறுப்புக் கெடாவின் தலையை எல்லம்மாள் ஒரு குண்டானில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். முதல் கெடாத் தலை வெட்டினவனுக்குத்தான் சேர வேண்டும் என்பது வழக்கம். "அம்மன் கேட்ட தலை. நாய் வாயில போவக்கூடாது துளசி," என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவன் அதை மஞ்சளோடும் பூவோடும் பிரீசர் பெட்டியில் வைத்திருந்தான். காது அதில்தான் இருந்தது. உள்ளே ஏதாவது இருக்கிறதா, இல்லையா என்று படித்தவர் யாராவது பார்த்துச் சொல்லட்டும். கவிப்பிரியாவுக்குப் போன் செய்தான்.

அவள் வருவதற்குள் வேறு சிலர் வந்தார்கள். மத்தியானம், சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். வேதாசலம் வீட்டு ஆட்கள். ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். தராசைத் தூக்கிச் சுவரில் அடித்தார்கள். ஒருத்தன் அவன் கையைப் பின்னால் முறுக்க, இன்னொருத்தன் முடியைப் பிடித்து அவன் தலையைக் கட்டையின் பள்ளத்தில் வைத்து அழுத்தினான். கன்னத்தில் கொழுப்பு வழுக்கியது. ஆடுகள் கடைசியாகப் பார்க்கிற இடத்திலிருந்து கடை எப்படித் தெரியும் என்பதை அவன் அப்போது பார்த்தான். கொக்கிகள், அதில் தொங்குகிற தொடை, கூரையில் காற்றாடியின் நிழல்.

"ஆட்டுக்கு உட்டியே. உனக்கு உட்டா நீ இன்னா உத்தரவு குடுக்கறன்னு பாக்கறோம்."

காதுக்குள் மிளகாய்த் தூளைக் கொட்டி, தண்ணீரை ஊற்றினார்கள். மண்டைக்குள் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. அவன் ஆட்டக்கூடாது என்று பல்லைக் கடித்தான். முடியவில்லை. கழுத்திலிருந்து கால் வரைக்கும் நடுங்கி, விடாமல் உதறினான். "குடுத்துட்டான்டா உத்தரவு!" என்று அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் வெறுங்கையைக் கத்தி மாதிரி அவன் பிடரியில் போட்டான். விட்டுவிட்டுப் போகும்போது ஜாக்கியை ஒரு உதை உதைத்தார்கள். அது ஊளையிட்டுக்கொண்டு காலி மனைக்குள் ஓடியது. மிளகாய்த் தூள் போன காது இன்றைக்கும் அவனுக்குச் சரியாகக் கேட்காது.

சாயங்காலம் ஸ்கூட்டரில் ஐஸ்பெட்டியோடு வந்த கவிப்பிரியா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இது? மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்றாள்.

"என் காது கெடக்கட்டும் மேடம். அந்தக் காதப் பாருங்க. அதுல ஒன்னும் இல்லன்னு சொன்னீங்கன்னா எனக்கு எல்லாம் கேக்கும்."

அவள் தலையை எடுத்துக்கொண்டு போனாள். துளசிங்கம் கடையைத் திறக்காமல் காத்திருந்தான். சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு காலையில் அவளே வந்தாள். கையில் ஒரு கண்ணாடிப் புட்டி.

"காதுல ஒன்னுமே இல்லண்ணா. ரெண்டு காதும் கடைசி வரைக்கும் பாத்துட்டேன். மெளகாயும் இல்ல, புண்ணும் இல்ல. எங்க புரொபசரும் பாத்தாரு. எழுதியே குடுக்கிறேன்னு சொல்லிட்டாரு."

துளசிங்கம் கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப ஏன் உதறிச்சின்னு மண்டைய அறுத்துப் பாத்தோம். தோ." புட்டியை வெளிச்சத்தில் பிடித்தாள். எலுமிச்சங்காய் அளவில் நீர்ப்பை. சவ்வில் ஜவ்வரிசிப் பொட்டுகள். "இது மூளையோட வலப்பக்கத்துல உக்காந்து அமுக்கிகினு இருந்திருக்குது. அதான் அது வலமாவே சுத்திச்சி. தல சாஞ்சது, உதறினது, காலு மடங்கி உழுந்தது, எல்லாமே இதாலதான். அம்மனும் சொல்லல, நீங்களும் ஒன்னும் பண்ணல. நோவுண்ணா. வெறும் நோவு."

அவன் போனை எடுத்துக்கொண்டு சாலைக்கு ஓடினான். நல்ல காதில் வைத்துக்கொண்டு சொன்னான். சொல்லச் சொல்ல அழுதான். அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. விஜி, "நெஜமா?" என்றாள்.

"கையில வச்சிகினு இருக்காங்க விஜி. புட்டியில போட்டு. நீயே வந்து பாரு."

"வர்றேன். தம்பியையும் இட்டுகினு வர்றேன். அவன்கிட்ட உன் வாயால சொல்லு. பாவாதான் பண்ணியிருப்பான்னு அவனும் நெனச்சிகினுதான் இருக்கான், கேக்கத்தான் இல்ல." போனை வைப்பதற்கு முன் மூக்கை உறிஞ்சினாள். "சோறு துன்னியா?"

"ஆங். துன்றேன்."

திரும்பி வந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். உடைந்த தராசைத் தூக்கி நிமிர்த்தி வைத்தான். சாலையில் பஸ் சத்தம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தான். கவிப்பிரியா புட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"குடலுலயே நின்னுட்டேன் நான். தலையைக் கேக்கவே தோணல," என்றாள். "இங்க இது மாதிரி பை வேற தலையில பாத்திருக்கீங்களாண்ணா?"

"ஓ, எப்பனா வரும் மேடம். சந்தையில புடிச்சிகினு வர்ற ஆட்டுல. பாத்தா யாரும் வாங்க மாட்டாங்கன்னு எடுத்துப் போட்டுடுவேன்."

"போட்டுடுவீங்கன்னா? எங்க?"

துளசிங்கம் பதில் சொல்வதற்குள், குரல் கேட்டு ஜாக்கி பின்வாசலில் வந்து உட்கார்ந்தது. கட்டையையும் அவன் கையையும் மாறி மாறிப் பார்த்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. கவிப்பிரியா நாயைப் பார்த்தாள். அவள் கை சுற்றுவதை நிறுத்தியது.

அவள் அதை யார்மேலும் குற்றமாகச் சொல்லவில்லை. படித்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். அந்தப் பை ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொற்றாது. ஒரு நாய் தின்றால்தான் அதன் குடலில் நாடாப்புழுவாக வளரும். நாய் மலத்தில் அதன் முட்டை விழும். கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புல்லை மேய்கிற குட்டிக்குள் போய், மூளைக்கு ஏறி, மாதக்கணக்கில் வளர்ந்து மறுபடியும் பையாகும்.

சிவப்பிரகாசம் வீட்டுக் கறுப்புக் கெடா குட்டியிலிருந்து மேய்ந்தது கடைக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில்தான். ஜாக்கி தினமும் காலையில் வெளிக்கிருக்கப் போவதும் அங்கேதான்.